நூல் விட்ட சோயா

சிட்னி விமான நிலையத்தில் என் நெய் பறிபோனது. மதுரையில் என் மனைவி சாந்தி வெண்ணெய் எடுத்து, முருங்கைக்கீரை போட்டு உருக்கி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டிக் கொடுத்தனுப்பிய அரை கிலோ நெய். பரிசோதனை மேசையில் நின்ற பெண் அதிகாரி, "வீட்டில் செய்ததா?" என்று கேட்டார். "ஆமாம், சுத்தமான வீட்டு நெய்" என்று கர்வமாகச் சொன்னேன். அவர் அதை எடுத்துத் தொட்டியில் போட்டுவிட்டு, "மன்னிக்கவும், நல்ல வாசனை" என்றார். அந்த ஆறுதல் எனக்கு எதற்கு என்று முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தேன்.

நான் போனது ஒரு சோறூட்டலுக்கு. தங்கை கலைவாணியின் மகள் ஆதிரைக்குப் பிறந்து ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு முதல் சோறு ஊட்டும்போது தாய்மாமன் மடியில்தான் உட்கார வைப்போம். மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் சனிக்கிழமை காலைக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். "நீ கண்டிப்பா வரணும்ணே" என்று வாணி போனில் சொன்னபோது அந்தக் குரல் சரியில்லை. விசேஷத்துக்குக் கூப்பிடுகிற குரல் இல்லை அது. துணைக்கு ஆள் தேடுகிற குரல். இட்லி மாவு அரைத்து விற்கும் என் கடையைச் சாந்தியிடம் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

அது செவ்வாய்க்கிழமை. காரில் ஏறியதும் முதல் வேலையாக நெய் போன கதையைச் சொன்னேன். அனுதாபம் வரும் என்று பார்த்தால், வாணிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"நெய்யா கொண்டு வந்த?"

"ஏன், பாலுதானே பிள்ளைக்கு ஆகாதுன்ன? நெய் எப்படிப் பாலாகும்?"

வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளை குகன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர். பன்னிரண்டு வயதில் அப்பா அம்மாவோடு சிட்னிக்கு வந்தவர், ரயில்வேயில் மின்சார வேலை. அளந்துதான் பேசுவார்.

"மச்சான், நெய்யும் பால்தான். தயிர், வெண்ணெய், எல்லாம். பிள்ளையைத் தூக்க முதல் குளிச்சு உடுப்பு மாத்திட்டுத் தூக்குங்கோ. குறை நினைக்காதேங்கோ."

குறை நினைத்தேன். இருபது மணி நேரம் பயணம் செய்து வந்தவனைத் தீட்டுக்காரன் மாதிரி நடத்துகிறார்களே என்று. லிட்கமில் அவர்கள் வீடு வந்ததும் நேராகக் குளியலறைக்குப் போனேன்.

குளித்துவிட்டு வந்து குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்த பிறகுதான் புத்தி வந்தது. ஆதிரையின் புகைப்படம், அதன் கீழே வரிசையாக அறிகுறிகள். முகம் வீங்கினால் என்ன செய்ய வேண்டும், மூச்சு இழுத்தால் என்ன செய்ய வேண்டும். கடைசியில் தொடையில் ஊசி போடும் படம். ஊசி போட்டால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பேனா போன்ற அந்த ஊசியை வாணி இடுப்பில் ஒரு சின்னப் பைக்குள் கட்டியிருந்தாள். தூங்கும்போதும் கழற்றுவதில்லையாம்.

ஒன்றரை மாதத்துக்கு முன்னால் பிள்ளையின் நாக்கில் ஒரு துளி தயிர் தடவியிருக்கிறாள். கடைக்குட்டித் தங்கை, தயிர்சாதம் தின்றே வளர்ந்தவள், வேறு எதில் ஆரம்பிப்பாள்? ஐந்து நிமிடத்தில் உதடு தடித்து, கண் மூடி, குரல் கம்மிவிட்டதாம். ஆம்புலன்ஸ் வந்து காப்பாற்றியது. அன்றிலிருந்து பிள்ளைக்குத் தாய்ப்பால், அரிசிக்கஞ்சி, பூசணிக்காய். வாணியும் பால் பண்டம் எதையும் தொடுவதில்லை. கன்னம் ஒட்டிப்போய்க் கிடந்தாள்.

மருத்துவர் சொன்னது என்னவென்றால், பால் ஒத்துக்கொள்ளாத சில குழந்தைகளுக்குச் சோயாவும் ஒத்துக்கொள்ளாமல் போவதுண்டு. அதற்காகப் பயந்து தள்ளிப்போடவும் கூடாது. உடம்பு நன்றாக இருக்கும் ஒரு காலையில், வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கும்போது, ஸ்பூன் நுனியில் கொஞ்சம் கொடுத்துப் பார்க்க வேண்டும். ஒன்றும் ஆகவில்லை என்றால் மறுநாள் கூட்டிக் கொடுக்க வேண்டும். இதைச் சொல்லி மூன்று வாரம் ஆகியிருந்தது.

"மூணு வாரமா என்ன பண்ணின?" என்று கேட்டேன்.

"அவரு விடிய முன்னமே வேலைக்குப் போயிடுறார். தனியா எப்படி? அதான் உன்னைய வரச் சொன்னேன்."

"சனி ஞாயிறு வீட்டுலதானே இருக்காரு?"

குகன்தான் மெதுவாகச் சொன்னார்: "நான் மூண்டு தரம் கேட்டனான் மச்சான். ஒருக்கா சளி எண்டா. ஒருக்கா மழை எண்டா." சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

சோயாவை எப்படிக் கொடுப்பது என்பதற்கு வாணி ஒரு வழி வைத்திருந்தாள். எதிர்வீட்டில் யங்மி என்று ஒரு கொரியப் பெண்மணி, என் வயது இருக்கும். சோயாவை வேகவைத்துத் தானே நொதிக்க வைப்பாராம், உப்புப் போடாமல். தன் இரண்டு பிள்ளைகளுக்கும் முதன்முதலில் அதைத்தான் கஞ்சியில் கரைத்துக் கொடுத்தாராம். வாணி மருத்துவரிடம் கேட்டு, நன்றாகக் கொதிக்கவைத்து மைய மசித்துக் கொடுக்கலாம் என்று அனுமதியும் வாங்கிவிட்டாள்.

"சும்மா சோயாவை வேகவச்சுக் குடுத்தா ஆகாதா?"

"மாவுக்கடை வீட்டுப் பிள்ளைண்ணே அவ. தயிர்தான் இல்லன்னு ஆயிருச்சு. நொதிச்சது ஒண்ணாவது அவ வயித்துக்குள்ள போகட்டும்."

இந்தப் பேச்சு எனக்குப் பிடித்துப்போனது. நொதிப்பது என்றால் எனக்குத் தெரிந்தது மாவு பொங்குவது. சோயாவும் அப்படிப் பொங்கி, புளித்து, நுரைத்து வரும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். எப்படி இருக்கும் என்று கேட்கவில்லை. பதினெட்டு வருடம் புளிப்பு வாடையில் வாழ்ந்தவன் யாரைக் கேட்பது?

புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு முதல் ஸ்பூன், சோயாவை அந்நேரம் எதிர்வீட்டில் வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவானது. கஞ்சிக்குப் புழுங்கல் அரிசி தீர்ந்திருந்தது. அது விற்கிற கடை இருக்கும் ஆபர்ன் அடுத்த ஸ்டேஷன்தானே என்று ஏழரைக்கே கிளம்பினேன். நான் ஏறிய ரயில் ஆபர்னில் நிற்கவில்லை. நான் கதவருகே எழுந்து நிற்க, ஸ்டேஷன் என் மூக்குக்கு முன்னால் ஓடிப்போனது. பக்கத்தில் ஒரு கிழவர் தன் மனைவியிடம், "பார், இன்னொருத்தரும் மாட்டிக்கொண்டார்" என்று சொன்னார். அவரைப் பார்த்து முறைத்தேன். அவர் பயப்படாமல், பரமட்டாவில் இறங்கி எந்த நடைமேடைக்குப் போக வேண்டும் என்று விளக்கினார். நம்மூர் ரயிலில் என்றால் இந்நேரம் ஐந்து பேர் ஐந்து வழி சொல்லியிருப்பார்கள்.

அரிசியோடு வீடு திரும்பியபோது ஒன்பதரை. வாணி பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டாள்.

"நீ வரல. அவளுக்குத் தூக்கம் வந்துருச்சு. நாளைக்குப் பாத்துக்கிருவோம்ணே."

அப்படிச் சொன்னபோது அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. எனக்கு அதுதான் பயத்தைக் கொடுத்தது.

வியாழக்கிழமை பிள்ளை ஒரு தும்மல் போட்டது. ஒரே ஒரு தும்மல். வாணி வெப்பமானியை வைத்துப் பார்த்தாள், மார்பில் காதை வைத்துப் பார்த்தாள், சட்டையைக் கழற்றி முதுகைப் பார்த்தாள்.

"நாளைக்குப் பாத்துக்கிருவோம்ணே."

"நாளைக்கு, நாளைக்குன்னு அவ கல்யாணம் வரைக்கும் கஞ்சியே ஊத்தப் போறியா?"

என் குரல் உயர்ந்துவிட்டது. அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "உனக்கென்னண்ணே. நீ அன்னைக்கு அவ மூஞ்சியப் பாக்கல" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் பால்கனியில் போய் நின்றேன். கீழே பள்ளிச் சீருடையில் கொரியப் பிள்ளைகள் கையில் எதையோ தின்றுகொண்டே போனார்கள். என்ன தின்றால் என்ன ஆகும் என்று கவலைப்படாமல் தின்கிற பிள்ளைகளைப் பார்த்துப் பொறாமைப்பட்டது அன்றுதான் எனக்கு முதல் தடவை.

நேர மாற்றத்தில் இரவெல்லாம் விழித்துக் கிடந்த அலுப்பில் அன்று சாயங்காலம் ஆறு மணிக்கே கட்டையைச் சாய்த்துவிட்டேன். நான் தூங்கும்போது யங்மி வந்து சோயா டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். வாணி அதை வாங்கிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருக்கிறாள். யாரும் என்னிடம் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை. மறுநாள் கோயில். அன்றைக்கு விட்டால் சோறூட்டல் முடிந்து, நான் ஊருக்குத் திரும்பி, பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிடும். குகன் அதிகாலையிலேயே வேலைக்குப் போய்விட்டார். எட்டரை மணிக்கு வாணி, "குளிச்சிட்டு வர்றேன், வந்ததும் குடுத்துருவோம்" என்றாள். ஆதிரை தொட்டிலில் தூங்கினாள். வாணி மனசு மாறுவதற்குள் கஞ்சியை வைத்துவிடுவோம் என்று நான் சமையலறைக்குள் நுழைந்தேன்.

குளிர்பதனப் பெட்டிக்குள் ஊறவைத்த அரிசியைத் தேடியபோது பின்னால் ஒரு கண்ணாடி டப்பா இருந்தது. திறந்தேன். ஈரச் சாக்கில் கட்டி வைத்த பழைய காலுறை வாடை. பழுப்பு நிறத்தில் ஏதோ பயறு, மேலே வெள்ளைப் படலம். ஸ்பூனை விட்டுத் தூக்கினால், ஸ்பூனோடு நூல் நூலாக எழுந்து வந்தது. கையை நெஞ்சு வரை உயர்த்தியும் அறுபடவில்லை.

எங்கள் ஊரில் நூல் விட்டால் அதற்கு மேல் பேச்சே கிடையாது. வடையோ பருப்போ மாவோ, நூல் விட்டால் ஊசிப்போனது, வாயில் வைக்கக் கூடாது. என் கடையில் ஒரு தடவை ஒரு வாளி மாவு நூல் விட்டது. பார்த்த நிமிடமே சாக்கடையில் கொட்டியவன் நான். பச்சைப் பிள்ளை இருக்கிற வீட்டில், அதுவும் இந்தப் பிள்ளை இருக்கிற வீட்டில், ஊசிப்போன பயறை வைத்திருக்கிறாளே, தூக்கம் கெட்டதில் வீட்டையே கவனிக்கவில்லையே என்று அவள் மேல் இரக்கமாகக்கூட இருந்தது. அப்படியே குப்பையில் கவிழ்த்தேன். டப்பாவை வெந்நீர் ஊற்றித் தேய்க்க ஆரம்பித்தேன். பதினெட்டு வருட அனுபவம் எப்படிக் கைகொடுக்கிறது பார் என்று என்னை நானே மெச்சிக்கொண்டது நன்றாக நினைவிருக்கிறது.

அப்போது குகன் கூப்பிட்டார். ரயில் சத்தத்துக்கு நடுவில் அவர் குரல் விட்டு விட்டு வந்தது.

"மச்சான், குடுத்தாச்சோ? பிள்ளை என்ன மாதிரி?"

"எங்க மாப்ள குடுக்கிறது. எல்லாம் ஊசிப்போச்சு. நூல் விட்டுருச்சு. நல்லவேளை நான் பாத்து உடனே போட்டுட்டேன்."

"என்ன? ஊசியோ? போட்டாச்சோ?"

"ஆமா மாப்ள, போட்டாச்சு. வாணி குளிக்கிறா. அவளுக்கு இன்னும் தெரியாது."

தொடர்பு அறுந்தது. நான் போனை மேசையில் வைத்துவிட்டுக் குழாயைத் திறந்து மறுபடியும் டப்பாவைத் தேய்த்தேன். போன் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. வாணியின் போன் பிள்ளை தூங்குவதற்காக ஊமையாக்கப்பட்டுக் கிடந்தது.

குழாயை மூடியதும் கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். கருநீல உடுப்பில் இரண்டு பேர், தோளில் பைகள். நரைத்த பின்னல் போட்ட ஒரு பெண், தாடி வைத்த ஓர் ஆண்.

"குழந்தை எங்கே? ஊசி எத்தனை மணிக்குப் போட்டீர்கள்?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் கையை நீட்டிய அறைக்குள் இரண்டே எட்டில் போனார்கள். தூங்கிக்கொண்டிருந்த ஆதிரை, அந்நிய முகத்தைப் பார்த்து வீறிட்டாள். "அழுகிறாள், நல்லது" என்றார் அந்தப் பெண். எதற்கு நல்லது என்று நான் திகைத்து நிற்கும்போதே குளியலறைக் கதவு திறந்தது.

தலையில் துண்டோடு வாணி. அவள் கண்ணுக்குத் தெரிந்தது தொட்டிலும், அதன் மேல் குனிந்த இரண்டு கருநீல முதுகுகளும்தான். சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தாள். துண்டு வழியில் விழுந்தது. பிள்ளையை வாங்கி முகத்தைப் பார்த்தாள், உதட்டைப் பார்த்தாள், இரண்டு தொடையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"என்னத்தக் குடுத்த?"

"நான் ஒண்ணும் குடுக்கல வாணி."

"பொய் சொல்லாத. நெய்யா? பாக்கெட்ல ஏதாச்சும் வச்சிருந்தியா? என்னத்தக் குடுத்தண்ணே?"

நாற்பத்திரண்டு வயதில் பல பேச்சு வாங்கியிருக்கிறேன். கடையில் வாடிக்கையாளர் கேட்டது, அப்பா கேட்டது, எதுவும் இப்படிக் குத்தியதில்லை. என் கையால் அந்தப் பிள்ளைக்கு விஷம் போயிருக்கும் என்று என் தங்கை நம்பினாள். நெய்யைத் தூக்கிக்கொண்டு வந்தவனை வேறு எப்படி நம்புவாள்?

அந்தப் பெண் நிதானமாக, "ஊசி எங்கே, காட்டுங்கள்" என்றார். வாணி குளியலறைக்குள் ஓடி இடுப்புப் பையை எடுத்துவந்தாள். பேனா மூடி கழற்றாமல் அப்படியே இருந்தது. தாடிக்காரர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இது போடப்படவில்லை. யார் எங்களைக் கூப்பிட்டது?"

மேசையில் மறுபடி போன் அடித்தது. வாணி எடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். குகனுக்கு மூச்சு வாங்கியது. ஓடிக்கொண்டே பேசினார்.

"வாணி, பிள்ளைக்கு எப்படி இருக்கு? நான் வந்து கொண்டிருக்கிறன். மச்சான்தான் சொன்னவர், ஊசி போட்டாச்செண்டு. அதான் நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டனான்."

"நான் எங்க மாப்ள சொன்னேன்? பயறு ஊசிப்போச்சு, எடுத்துப் போட்டுட்டேன்னு சொன்னேன்."

"ஊசிப்போச்சு எண்டா?"

"கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்."

எதிர்முனையில் ஓடுகிற சத்தம் நின்றது. பிறகு, "எங்கட வீட்டில பழுதாப் போச்சு எண்டுதான் சொல்லுவம்" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. ஒரு பெரிய மனுஷன் தெருவில் நின்று அழுவதைப் போனில் கேட்டுக்கொண்டு நின்றேன்.

இந்த முந்திரிக்கொட்டைக்கு அன்றைக்குக் கிடைத்த சாட்டையடி அது. வாணி பொத்தென்று தரையில் உட்கார்ந்தாள். வந்தவர்களுக்கு ஆங்கிலத்தில் விளக்க முயன்றாள். தமிழில் ஊசி என்றால் ஊசி, ஆனால் சாப்பாடு ஊசிப்போகவும் செய்யும் என்று. பாதியில் சிரிப்பு வந்து, சிரிப்பு அழுகையாகி, பிள்ளையின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நரைத்த பின்னல்காரர் அவள் தோளில் கை வைத்து, "கூப்பிட்டது சரிதான். உங்கள் கணவர் காதில் விழுந்ததற்கு அவர் செய்ததுதான் சரி" என்றார்.

"அப்படி எதைத்தான் போட்ட?" என்று வாணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னைக் கேட்டாள். நான் கழுவிப் பளபளவென்று வைத்திருந்த டப்பாவைக் காட்டினேன்.

"அய்யோ அண்ணே. அது யங்மி குடுத்த சோயா. அது நூல் விடத்தான்ணே செய்யும்."

சொல்லி வைத்தாற்போல் திறந்த கதவில் யங்மி நின்றார். கீழே ஆம்புலன்ஸைப் பார்த்துவிட்டு ஓடிவந்திருக்கிறார், கையில் பாத்திரம் கழுவுகிற ஈரக் கையுறை. என் ஆங்கிலமும் அவர் ஆங்கிலமும் ஏறத்தாழ ஒரே தரம் என்பதால் விஷயம் சட்டென்று புரிந்துவிட்டது. குப்பைத் தொட்டியை எட்டிப் பார்த்தார். "மூன்று நாள்" என்று மூன்று விரலைக் காட்டினார். மாவு வைத்துக் காத்திருக்கிறவனுக்கு அந்த மூன்று விரலின் அர்த்தம் தெரியும். என் மாவை யாராவது இப்படிக் கொட்டியிருந்தால் கையை முறித்திருப்பேன். கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் பெருமூச்சு விட்டார். "என் கணவரும் கல்யாணமான புதிதில் ஒரு பானையைக் கொட்டினார். இருங்கள், இன்னொரு பாதி உறைய வைத்திருக்கிறேன்" என்று போனார்.

வந்தவர்கள் பைகளை மூடிக்கொண்டிருந்தார்கள். வாணி எழுந்து நின்றாள். அவள் முகம் மாறியிருந்தது.

"இன்னைக்கு அவளுக்குச் சோயா குடுத்துப் பாக்கிற நாள். டாக்டர் சொல்லியிருக்கார். மூணு வாரமா என்னால முடியல" என்று அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் சொன்னாள்.

அவர் பிள்ளையை மறுபடி ஒரு தடவை பார்த்தார். "கொடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கொடுக்காதீர்கள் என்றும் சொல்ல மாட்டேன். அது உங்களுக்கும் உங்கள் மருத்துவருக்கும் உள்ள விஷயம்" என்றார். கதவு வரை போய்த் திரும்பினார். "எங்களுக்கு இதை எழுதி முடிக்க வேண்டும். வேறு அழைப்பு வராவிட்டால் கீழே வண்டியில் உட்கார்ந்துதான் எழுதுவோம். நான் மெதுவாக எழுதுகிறவள்."

கஞ்சி வைத்தேன். யங்மி கொண்டுவந்ததைக் கொதிக்கவிட்டு, மைய அரைத்து, வடிகட்டிக் கலந்தேன். அரைத்த பிறகும் லேசாக நூல் விட்டது. குகன் வந்து சேர்ந்தார், சட்டை நனைந்து. பிள்ளையை மார்போடு அணைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "மச்சான், இனி நீங்கள் போனில கதைக்கேக்க பழுது எண்டே சொல்லுங்கோ" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வாணி ஸ்பூனை எடுத்தாள். அள்ளிய கஞ்சி கிண்ணத்துக்குள்ளேயே விழுந்தது. இரண்டாம் தடவையும் விழுந்தது. ஸ்பூனை என்னிடம் நீட்டினாள்.

"நீ ஊட்டுண்ணே. மாமன்தானே ஊட்டணும்."

அரை மணி நேரத்துக்கு முன்னால் என்னத்தக் குடுத்த என்று கேட்டவள். சமையலறைத் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். குகன் பிள்ளையை என் மடியில் வைத்தார். மேளம் இல்லை, ஐயர் இல்லை. வாணி கையில் ஊசிப் பேனா, குகன் கையில் போன், வாசலில் யங்மி. ஸ்பூன் நுனியில் ஒரு பயறளவு எடுத்து வாயில் வைத்தேன். ஆதிரை முகத்தைச் சுளித்தாள். நாக்கால் தள்ளினாள். பிறகு யோசித்துவிட்டு விழுங்கினாள். ஸ்பூனை எடுத்தபோது அவள் உதட்டிலிருந்து ஒரு மெல்லிய நூல் நீண்டு வந்தது.

ஐந்து நிமிடம். தயிருக்கு ஐந்தாவது நிமிடத்தில்தான் வந்தது என்று எல்லோருக்கும் நினைவிருந்தது. குகன் போனில் நிமிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறாவது நிமிடத்தில் அவள் தாடையில் ஒரு சிவப்பு.

"அண்ணே" என்றாள் வாணி. அவள் விரல் ஊசியின் மூடிக்குப் போனது. குகன் பால்கனிக்கு ஓடி, வண்டி நிற்கிறதா என்று பார்த்தார். நான் பிள்ளையை வெளிச்சத்தில் திருப்பினேன். குலதெய்வத்தைக் கூப்பிடக்கூட வாய் வரவில்லை. யங்மி குனிந்து பார்த்து, என் தோளில் கிடந்த முரட்டுத் துண்டைத் தொட்டுக் காட்டினார். வாய் துடைக்கிறேன் என்று அதால்தான் நான் தேய்த்திருந்தேன். தடிப்பு இல்லை. வேறெங்கும் பரவவில்லை. உதடு அப்படியே இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பு வெளிறி, கொஞ்ச நேரத்தில் காணாமல் போனது. ஆதிரை என் விரலைப் பிடித்து வாய்க்குள் கொண்டுபோகப் பார்த்தாள்.

அரை மணி நேரம் கழித்து பால்கனியிலிருந்து பார்த்தேன். வண்டி இன்னும் நின்றுகொண்டிருந்தது. நரைத்த பின்னல்காரர் அண்ணாந்து பார்த்தார். நான் கட்டைவிரலை உயர்த்தினேன். அவர் எழுதிக்கொண்டிருந்த தாளை மடித்து வைத்தார். வண்டி சத்தமில்லாமல் கிளம்பிப் போனது.

அன்று பகல் முழுவதும் வாணி பிள்ளையை விட்டு நகரவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். சாயங்காலம் யங்மி வீட்டுக்குக் கொடுக்க நான் தோசை சுட்டேன். மூன்று நாள் உழைப்புக்கு முன்னால் அது ஒன்றுமில்லைதான், ஆனாலும் என்னிடம் வேறு என்ன இருக்கிறது? வாணி வந்து மேடை அருகே நின்று, அடுப்பிலிருந்து நேராக மூன்று தோசை தின்றாள். சின்ன வயதில் போல அவள் நின்றுகொண்டு தின்பதைப் பார்த்து எத்தனை வருடம் ஆகிறது.

"என் மேல கோவமாண்ணே?" என்றாள்.

"பேசாம தின்னு."

தட்டைக் கழுவி வைத்தாள். குளிர்பதனப் பெட்டியைத் திறந்து, யங்மி கொடுத்த மிச்சம் பத்திரமாக இருக்கிறதா என்று பார்த்தாள். மூடியைத் திறந்து, ஸ்பூனால் தூக்கி, நூல் விடுகிறதா என்றும் பார்த்துக்கொண்டாள். மறுபடி தும்மல், மழை என்று ஏதாவது வரப்போகிறது என்று நான் அடுப்பைப் பார்த்தபடி காத்திருந்தேன்.

"நாளைக்கு ரெண்டு ஸ்பூன்ணே" என்றாள். "கோயிலுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடியே."